வாள்காரியின் குரல்

மார்ச் 4
காலையிலிருந்து பல்வலி. போதாக்குறைக்கு ஸ்டுடியோவிலிருந்து ஃபோன். ‘நிழல்கோட்டை’ வீடியோ கேமுக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். முதல் பாகத்தில் வாள்காரி பாறைக்குப் பாறை தாவுவது, பூதங்களை வெட்டுவது, அடிபட்டு விழுவது — அத்தனை கத்தலும் என்னுடையது. வசனம் கிடையாது. “ஹா”, “ஹூ”, “ஆஆ” — அவ்வளவுதான். இருந்தாலும் அது நான்.

“இந்தத் தடவை வாள்காரிக்கு வயசு கம்மி மேடம். இளசான குரலா வேணும்,” என்றார் இயக்குநர். யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இழுத்து இழுத்துச் சொன்னார். என் தங்கையை! போன தடவை எனக்குத் துணைக்கு வந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவளை!

மார்ச் 5
அவள் ஃபோன் பண்ணினாள். எடுக்கவில்லை.

மார்ச் 9
நேரிலேயே வந்துவிட்டாள். “கோபமா அக்கா? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன்.”

“எனக்கென்ன கோபம்? நல்லாப் பண்ணு.” — எப்படித்தான் சிரித்துக்கொண்டு சொன்னேனோ.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாருக்கும் சொல்லியாயிற்று. என்னைக் கூப்பிட்டபோது “கத்தறதுக்கெல்லாமா ஆள் வைக்கறாங்க?” என்று கேட்டவள் இதே அம்மாதான். வயிறு எரிகிறது. இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத?

மார்ச் 20
ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது. சாயங்காலம் கூப்பிட்டாள். “தொண்டை எரியுதுக்கா. ஒரே தாவலை நாற்பது விதமா கேக்கறாங்க. நீ எப்படிச் சமாளிச்சே?”

எனக்குத் தெரியும். தொண்டையிலிருந்து கத்தக் கூடாது, அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். வாள்காரி சாகிற இடம் மாதிரி பெரிய கத்தல்களைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

“போகப் போகப் பழகிடும்,” என்றேன்.

மார்ச் 22
அவளுக்குக் குரல் போய்விட்டது. சுத்தமாக. வாயையே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

இதைத்தான் நினைத்தேனா? இல்லை. இல்லவே இல்லை. கொஞ்சம்... ஐயோ, கொஞ்சம் நினைச்சேன். பாவி நான்.

மார்ச் 24
இயக்குநர்: “மிச்சத்தை நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும் மேடம். ஆனா உங்க குரல்னு தெரியக் கூடாது. தங்கச்சி மாதிரியே கத்தணும். பேரும் அவங்க பேர்தான் வரும்.”

என்ன திமிர்! முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சரி என்று வந்தது.

மார்ச் 27
அவள் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால், சிரிப்பை அடக்குகிற மாதிரி குட்டியாக ஒரு மூச்சு. எனக்கு அது தோன்றவே இல்லையே! நல்லாத்தான் பண்ணியிருக்கா, சனியன்.

நானும் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு தாவினேன், வெட்டினேன், விழுந்தேன். எது யார் குரல் என்று தனக்கே தெரியவில்லை என்றார் இயக்குநர்.

இடைவேளையில், கூட வந்திருந்த அவளிடம் சொல்லிவிட்டேன். “அடிவயித்துலேர்ந்து கத்தணும்டி. அன்னிக்கே தெரியும். வேணும்னுதான் சொல்லல.”

திட்டக் குரல் இல்லை அவளுக்கு. கிள்ளினாள். கை இன்னும் கன்றிப்போய்க் கிடக்கிறது. அப்புறம் தன் வெந்நீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் 16
கேம் வந்துவிட்டது. தங்கை வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அவள் வீட்டுக்காரர் விளையாட, அம்மா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எரிகிற பாலம் வந்தது. அங்கே எல்லாத் தாவலும் என்னுடையது.

“கேட்டியா அந்தக் குரலை? பெரியவளுக்கு இந்த மாதிரி வரவே வராது,” என்றாள் அம்மா, நான் பக்கத்தில் இருப்பதையும் மறந்து.

“அம்மா, அது அக்காம்மா! இந்த இடம் முழுக்க அக்காதான்!”

“போடி. அவ மனசு நோகக் கூடாதுன்னு நீ எப்பவும் விட்டுக்கொடுப்பே. பெத்தவளுக்குக் குரல் தெரியாதா?”

தங்கை என்னைப் பார்த்தாள் — நீயே சொல்லேன் என்பது போல.

“சின்னவதாம்மா,” என்றேன்.

வாள்காரி மறுபடி தாவினாள். என்ன அழகாகத் தாவுகிறாள்! கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது.