பதினோராம் பாகத்தை நாங்கள் பார்த்துவிட்டோம், மச்சான்

என் உயிரோடு கலந்த மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கட்டாரில் இருந்த ஆறு வருடமும் கிழமைக்கொரு கடிதம் எழுதினேன். நீங்கள் ஊருக்கு வந்து கடை போட்ட பிறகு எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிடுவேன். "கொஞ்சம் சாப்பிட உடு புள்ள" என்பீர்கள். இப்போது சொல்வதற்கு நிறையச் சேர்ந்துபோயிற்று. இது உங்கள் கைக்கு வராது என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் பிள்ளைகள் வாசிக்கட்டும். என்னைப் போல் எங்காவது ஒருத்தி இருந்தால் அவளும் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பெரும்போகம் வெட்டியாயிற்று. வீரமுனைப் பக்கத்து வயல் இந்த முறை பழுதில்லை. கடையை உங்கள் தம்பி திறக்கிறார். ட்ரக்டர் சாமான் கேட்டு வருகிறவர்கள் இன்னமும் உங்களைத்தான் விசாரிக்கிறார்களாம். நீங்கள் மௌத்தான பிறகு நான் இருந்த இத்தா முடிந்து மூன்று கிழமையாகிறது. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு முதல் தடவை வெளியில் இறங்கியபோது வெயிலில் கண் கூசியது. எங்கே போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இளையவள் ஹஸ்னாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன நேரம் தொட்டு அவள் அழவில்லை, மச்சான். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், பாய் விரித்தாள், என் துணி துவைத்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, அறுபது வயதுப் பெண்ணைப் போல வீட்டைச் சுமந்தாள். நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்மேல் அவளுக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்க என்னிடம் காரணமும் இருந்தது.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுதுவிட்டு இருக்கிறேன், வீட்டுக்குள் அம்புலன்ஸ் கத்தியது. எழுந்து ஓடினால், சத்தம் ஹஸ்னாவின் அறையில், அவளுடைய லெப்டொப்பில்.

"இதென்ன மகள்?"

"கொரியா நாடகம் உம்மா. அம்புலன்ஸ்காரர்ற கதை. எங்கட வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இதத்தான் பாக்கிற. இண்டைக்கு வந்த கூட்டாளிமார் திரும்பப் பாரு எண்டு ஆக்கினை புடிச்சாங்க."

"காதுல மாட்டுறத மாட்டிப் பாருங்களன். நான் பயந்துட்டன்."

"இல்ல உம்மா. நான் இனி அத மாட்ட மாட்டன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் குறையும் போல் இருந்தது. இத்தாவின் வெள்ளை உடுப்போடு கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன். கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அவள் அதை வாசித்து வாசித்து நம் பேச்சில் சொன்னாள்.

ஒரு கடற்கரை ஊர். அங்கே மூன்று பேர் வேலை செய்யும் அம்புலன்ஸ். எந்த நேரமும் அவித்த முட்டை தின்கிற தடித்த டிரைவர் ஒருவன். தகப்பனோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்த, தலைமுடி கட்டையாக வெட்டிய பெண் ஒருத்தி, அவள்தான் பொறுப்பு. ஓய்வு பெற ஒரு வருடம் மிச்சமுள்ள தாதி ஒருவர். இதில் என்ன இருக்கிறது என்று இந்தப் பிள்ளைகள் பைத்தியமாய் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு கிழவி அசையாமல் கிடக்கிறாள் என்று மூவரும் ஓடுகிறார்கள். கிழவிக்கு ஒன்றுமில்லை. மகன் பார்க்க வரவில்லை என்ற கோபத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறாள். டிரைவர் குனிந்து பார்க்கிறான். அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "நீ கலியாணம் முடிச்சாச்சா?" என்று கேட்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன், மச்சான். வாயைப் பொத்தப் பொத்த நிற்கவில்லை. கண்ணீர் வரச் சிரித்தேன். அதே நேரம் முன்வாசலால் உங்கள் ராத்தா, என் மதினி, உள்ளே வந்துவிட்டார்.

"இதென்ன ஸுபைதா? இத்தாவுல இருக்கிற பொம்புள, ஆம்புளைகள்ற முகத்தப் பாத்துச் சிரிக்கிறயா? என்ட தம்பி மௌத்தாகி இன்னம் மண் காயல்ல!"

மதினியின் குரல் நடுங்கியது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உங்களுக்கு நான் செய்ததற்கு மேல் இப்போது சிரிப்பு வேறா என்று இருந்தது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அப்போது ஹஸ்னா சொன்னாள்: "மாமி, வாப்பாவும் இதப் பாத்தார்."

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"பகல் சாப்பிட்டுட்டுப் படுக்கப் போறன் எண்டு என்ட அறைக்குத்தானே வருவார். படுக்கல்ல. ரெண்டு பேரும் நாடகம் பாத்தம். பத்துப் பாகம் பாத்தம். 'உம்மாட்டச் சொல்லிராத மகள், வயசு போன காலத்துல பைத்தியம் புடிச்சிரிக்கி எண்டு ஊரெல்லாம் கதைப்பா' எண்டார்."

ஏன் மச்சான் இப்படி? நீங்கள் தூங்குகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக்கூடச் சத்தம் போடாமல் விளையாடச் சொன்னேனே. ஆனால் உண்மைதான், நான் கதைத்திருப்பேன். ஊரெல்லாம் கதைத்திருப்பேன்.

மதினி கதிரையில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு, "எந்த இடத்துல சிரிச்சான்?" என்று கேட்டார்.

ஹஸ்னா கிழவி கண் திறக்கிற இடத்தைத் திரும்பப் போட்டாள். மதினி பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியாத ஒன்று அவருக்கும் வந்தது. "சின்ன வயசுலயும் இப்படித்தான், களவாத்தான் சிரிப்பான்" என்றார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிலிருந்து அஸருக்குப் பிறகு ஒரு பாகம். அந்தக் கட்டைமுடிக்காரி எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். டிரைவர் முட்டை உரிக்கும்போது எனக்குப் பசித்தது. நாங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். பத்துப் பாகம் முடிந்தது. பதினோராவதைப் போடச் சொன்னேன். ஹஸ்னா லெப்டொப்பை மூடிவிட்டாள்.

"இத மட்டும் என்னால ஏலா உம்மா."

"ஏன் மகள்?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பதினோராம் பாகம் நீங்கள் மௌத்தான அன்று விடியத்தான் வந்ததாம். பகல் சேர்ந்து பார்ப்போம் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளாம். பொறுக்க முடியாமல் தனியாகப் பார்த்தாளாம், காதில் அதை மாட்டிக்கொண்டு. "நீங்க மூணு தரம் கூப்பிட்டிரிக்கீங்க உம்மா. எனக்குக் கேக்கல்ல. நீங்க வந்து உலுப்பினாப் பிறகுதான் தெரியும். அந்த நேரம் வாப்பாக்கு முழுக்க வேர்த்துட்டு. கேட்டிருந்தா ஓட்டோவ முந்திக் கூப்பிட்டிருப்பன். நான்தான் வாப்பாவ..."

அவளை முடிக்க விடவில்லை. வாயைப் பொத்தினேன். இந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தது கோபத்தில் இல்லை, மச்சான். வெட்கத்தில். அவளை மட்டும் சொல்ல விட்டுவிட்டு நான் எப்படிப் பேசாமல் இருப்பது?

"நீங்க இல்ல மகள். நான்" என்றேன். விடிய ஸுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய் வந்து, "நெஞ்சு கனக்கிற மாதிரி கிடக்கு" என்று நீங்கள் சொன்னதை அவளிடம் சொன்னேன். வாயு என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணி தந்ததை, தைலம் தடவியதை, "முந்தின நாள் இறைச்சிய அளவாத் திண்டிருக்கலாம்" என்று ஏசியதையும் சொன்னேன். அரை மணித்தியாலம் அப்படியே போயிற்று. ஆருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. உங்களை அடக்க மையவாடிக்குப் போன ஆண்கள் எல்லாரும் திரும்பி வந்து "அல்லாஹ்வின் நாட்டம்" என்று ஆறுதல் சொன்னபோது, இல்லை, என் இஞ்சித் தேத்தண்ணி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒரே கல்லைத் தனித்தனியே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம்.

பிறகு அவளே லெப்டொப்பைத் திறந்தாள். பதினோராம் பாகத்தைப் பார்த்தோம். அதில் ஒரு மீன்காரன், மனைவி இறந்து சில மாதம் கழித்து அம்புலன்ஸ் நிலையத்துக்கு வருகிறான். கையில் ஒரு பெட்டி மீன். "நான் முந்தியே கூப்பிட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா?" என்று கேட்கத்தான் வந்திருக்கிறான். கேட்க முடியாமல் மீனைப் பற்றியே கதைக்கிறான். கட்டைமுடிக்காரி அதைப் புரிந்துகொண்டு, அன்றைய பதிவேட்டை எடுத்து அவனுக்கு முன்னால் விரித்து வைக்கிறாள்.

ஹஸ்னா நிறுத்திவிட்டாள். "நாமளும் போய்க் கேப்பம் உம்மா."

"கேக்கலாமா மகள்?"

"ஏன் கேக்கேலா?"

இத்தா முடியும் வரை காத்திருந்தோம். அதுதான் நான் வெளியில் இறங்கிய முதல் பயணம், மச்சான். உங்களைக் கொண்டு போன அதே வைத்தியசாலைக்கு. அன்று உங்களைப் பார்த்தது பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு லேடி டொக்டர். கிளினிக் முடியும் வரை வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். என் மனம் திரும்பிப் போகச் சொன்னது. 'ஓம், உங்களால்தான்' என்று அவர் சொல்லிவிட்டால் நான் எப்படி மிச்ச நாளைக் கழிப்பேன்? ஹஸ்னாவின் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது.

டொக்டர் உங்கள் நோய்க் கோவையை எடுப்பித்து, நிதானமாக வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, இவருக்கு வந்தது நீங்க நினைக்கிற மாதிரி வழமையான மாரடைப்பு இல்ல. இருதயத்தில இருந்து வாற பெரிய இரத்தக் குழாய் உள்ளுக்க கிழிஞ்சிருந்தது. ஸ்கேன்ல கண்டம். அதுக்கு ஒப்பரேஷன் கொழும்பிலதான் செய்யலாம். இங்க இருந்து எட்டு மணித்தியாலம். அவருக்கு ரெண்டு மணித்தியாலம் கூட இருக்கல்ல."

"நான் அரை மணித்தியாலம் முந்திக் கொண்டு வந்திருந்தா, டொக்டர்?"

"அந்த அரை மணித்தியாலமும் இந்த வார்டில கிடந்திருப்பார். அவ்வளவுதான். அதுக்குப் பதிலா உங்கட வீட்டில, உங்களோட இருந்தார்."

ஹஸ்னா கேட்டாள்: "நான் பத்து நிமிஷம் முந்தி எழும்பியிருந்தா?"

"அதுவும் அப்படித்தான் தங்கச்சி." பிறகு கொஞ்சம் கடுமையாகச் சொன்னார்: "ஆனா இனி ஆருக்கு நெஞ்சு நொந்தாலும் இஞ்சித் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கக் கூடாது. உடனே கொண்டு வரோணும். விளங்கிச்சா?"

"விளங்கிச்சு டொக்டர்."

"நாலு மாசமா ரெண்டு பேரும் இத நெஞ்சுக்க வெச்சுக்கொண்டா இருந்தீங்க? அடுத்த நாளே வந்து கேட்டிருக்கலாமே."

"கேக்கலாம் எண்டு எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைட நாடகத்தைப் பாத்துத்தான் தெரியும்" என்றேன். டொக்டர் எந்த நாடகம் என்று கேட்டார். ஹஸ்னா பெயரைச் சொன்னாள். "என்ட மகளும் அதோடதான் கிடக்கிறா" என்று சிரித்தார்.

ஓட்டோவில் ஏறியதும் ஹஸ்னா அழத் தொடங்கினாள். சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி, கல்முனைச் சந்தை தாண்டும் வரை அழுதாள். ஓட்டோக்காரர் பயந்துபோய் "ஏதும் வருத்தமா உம்மா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, சுகமாகிட்டு" என்றேன். வீட்டுக்கு வந்து ளுஹர் தொழுதுவிட்டு ஒரே பாயில் இரண்டு பேரும் படுத்தோம். அஸர் பாங்கு சொல்லும் வரை கண் திறக்கவில்லை. அப்படி ஒரு தூக்கத்தை நீங்கள் போன பிறகு நான் தூங்கியதே இல்லை.

நீங்கள் பார்க்காமல் விட்ட பாகங்களில் நடந்ததையும் சொல்ல வேண்டுமே. டிரைவர் இப்போது முட்டையை விட்டுவிட்டான், அவனுக்கு இரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டதாம். தாதிக்கு ஓய்வு கொடுத்துப் பெரிய விருந்து வைத்தார்கள். கட்டைமுடிக்காரி ஒருநாள் தகப்பன் வீட்டுக்குப் போவாள் என்று நீங்கள் ஹஸ்னாவிடம் அடித்துச் சொன்னீர்களாம். போனாள், மச்சான். தகப்பன் ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டார். இன்னும் இரண்டு பாகம் மிச்சம். வெள்ளிக்கிழமை மதினியும் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்க்க இல்லையாம், சும்மா இருக்கத்தானாம்.

இது எல்லாம் உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் போகும்போது என்மேல் மனக்குறை ஏதும் வைத்துக்கொண்டு போனீர்களா? இதற்கு எந்த டொக்டரிடமும் பதில் இல்லை. ஆனால் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டுதானே ஓட்டோவில் வந்தீர்கள். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

நாலு மாதமாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தியபோது முதலில் உங்களிடம்தான் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்காகக் கேட்க வேண்டியது எல்லாம் அதற்குள்ளேயே கரைந்து போயிற்று. இனி அப்படி இல்லை. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு: இனி என் துஆ முழுவதும் உங்களுக்கு மட்டும். நீங்கள் உறங்கும் கபுறு வெளிச்சமாக இருக்க வேண்டும், விசாலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்பேன்.

என்றும் உங்கள் மனைவி,
ஹஸ்னாவின் உம்மா,
ஸுபைதா