கலாவின் ஆரம், என் அட்டிகை

ஆவணி 4, வியாழன். திண்டிவனம்.

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் வந்து ஏமாற்றிவிட்டது. வடகம் காயவைத்து, உள்ளே எடுத்து, மறுபடி காயவைத்து, அதிலேயே பொழுது போச்சு.

நேற்று விழுப்புரத்தில் கொழுந்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. ஓரகத்தி கலா கழுத்தில் புது ஆரம். மாங்காய் மாங்காயாக வயிறு வரை. மாமியார் பந்தியில் என் காதுபடவே, "சின்ன மருமவளுக்குக் கழுத்து நெறஞ்சிக்கினு இருக்குது பாருங்க" என்று எல்லோரிடமும். என் அட்டிகையை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பாயசம் இறங்கவில்லை. வயிறு எரிந்தது. இதில் எழுத வெட்கமென்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

ஆவணி 6, சனி.

நானும் ஆரம் வாங்க வேண்டும். அட்டிகையை மாற்றி, சீட்டுப் பணத்தையும் போட்டால் முடியும். இவரிடம் சொன்னேன். "இன்னா அவசரம்? நகைன்னா நாலும் தெரிஞ்சிக்கினு வாங்கணும்."

சரி, தெரிந்துகொள்கிறேன். பக்கத்து வீட்டு சுமதி டீச்சரிடம் கேட்டது:

– கெட்டி நகை. கனம். நசுங்காது.
– கூடு. உள்ளே வெற்று. பார்க்கப் பெரிசு, எடை கம்மி.
– அரக்கு. உள்ளே அரக்கு ரொப்பியது. விற்கப் போனால் அரக்குக்குக் காசு கிடையாது.
– கல் நகை. கல் எடையை பில்லில் தனியாக எழுதச் சொல்லணும். இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்க விலை.
– ஆன்டிக். மங்கலாக, பழசு மாதிரி. புதுசுதான். சேதாரம் தீட்டிவிடுவார்கள்.
– கவரிங். சொல்லவே வேண்டாம்.

எழுதும்போதே ஒரு யோசனை. அவ்வளவு பெரிய ஆரம், கலா ஒரு தடவைகூடக் கழுத்து வலி என்று சொல்லவில்லையே? கூடாக இருக்குமோ? கவரிங்கேவா?

மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

ஆவணி 10, புதன்.

செவ்வாய்க்கிழமை நகை வெளியே தரமாட்டார்கள் என்று ஒரு நாள் பொறுத்து, இன்று விழுப்புரம். அண்ணன் மகள் நிச்சயத்துக்கு இரவல் வேண்டும் என்றேன். நிச்சயம் உண்மைதான். "இதுக்குப் போயி கேக்கணுமாக்கா? எடுத்துக்கினு போங்க." டப்பாவோடு கொடுத்தாள். ஒரு கேள்வி இல்லை. அதுவே இன்னும் எரிச்சல்.

ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்ட். பக்கத்துச் சந்தில் டச், அதாவது தங்கத்தின் சுத்தம், பார்க்கிற கடை. கொக்கிக்குப் பக்கத்தில் முத்திரை, 916, ஆறெழுத்து நம்பர், எல்லாம் இருந்தது. முத்திரையிலும் போலி வருமாம், டீச்சர் சொன்னாள். கடைக்காரர் மிஷினில் வைத்தார்.

"சுத்தமான 916தாம்மா. கெட்டி வேற. நல்ல எடமா பாத்து வாங்கியிருக்கீங்க."

வாங்கியது நான் என்று நினைத்துவிட்டார். மறுக்கவில்லை.

வந்ததுதான் வந்தோம், மாற்றினால் என்ன தேறும் என்று அட்டிகையையும் கழற்றிக் கொடுத்தேன். வைத்தார். திருப்பி வைத்தார். நகத்தால் தட்டினார்.

"இது யாருமா செஞ்சது?"

"அம்மா வீட்டு சீருங்க. ஊர்ல செஞ்சது."

"உள்ள பூரா அரக்கு. மேல இருக்கிற தங்கமும் டச் கம்மி. பாதிகூடத் தேறாதுமா."

இருபத்திரண்டு வருஷம் கழுத்தில். நிலத்தில் விளைந்த மல்லாட்டையை அம்மா விற்ற காசில் செய்தது. அவளை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான். அம்மாவுக்கு போன் பண்ண எடுத்தேன். பண்ணவில்லை.

ஆவணி 12, வெள்ளி.

நிச்சயம். கலா ஆரத்தோடு போனேன். "புதுசா?" என்று நாலைந்து பேர். "ம்" என்றேன். கழுத்து நிஜமாகவே வலிக்கிறது.

ஆவணி 14, ஞாயிறு.

தூறல். கேப்பை மாவு அரைக்கக் கொடுக்கணும், மறந்துவிட்டேன்.

கலாவே வந்தாள். இரவல் நகையை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, டப்பா மேலே ஒரு முழம் மல்லி வைத்துக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கண் என் கழுத்திலேயே.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து ஒங்க அட்டிகை மேலதான் எனக்குக் கண்ணு. பொறாமைன்னே வச்சிக்கோங்க. இந்த ஆரத்தை மாத்திட்டு அதே மாதிரி ஒன்னு எடுக்கப் போறேன். கடையில காட்டணும். ரெண்டு நாள் குடுங்க."

வயிறு குளிர்ந்தது. இத்தனை வருஷமா! ஒரு நிமிஷம்தான். அப்புறம் அந்த மிஷின் ஞாபகம் வந்தது. அவள் கேள்வி கேட்காமல் கொடுத்தவள். நான் எந்த வாயால் மறுப்பது?

கழற்றி அவள் கையில் வைத்தேன். "எந்தக் கடைக்குப் போறேடி?" என்று மட்டும் கேட்டேன்.