செத்தவீட்டுச் சாறிகளுக்கு ஒரு தனிப் பிரிவு

செவ்வாய்க்கிழமை.

மகள் வசந்தி பல பிராண்டுகளின் உடுப்புகளை விற்க இணையத்தில் கடை அமைக்கிறாள். எல்லாவற்றையும் பிராண்ட் பெயரில் அடுக்கியிருந்தாள். அது ஒழுங்கல்ல. கல்யாணம், கோயில், செத்தவீடு என்று பிரிக்க வைத்தேன்.

"செத்தவீட்டுக்கெண்டு ஆர் அம்மா தேடி வாங்குவினம்? ஒருத்தரும் வாங்காட்டி அதை அழிச்சுப்போடுவன்."

இன்று அந்தப் பிரிவில் முதல் சாறி விற்றது. வாங்கியது கொழும்பிலிருக்கும் என் மச்சாள். நேற்றுத்தான் தொலைபேசியில் என் இருமலை நெடுநேரம் விசாரித்தாள்.

"கெதியா, உடனை வேணுமெண்டும் மாமி எழுதியிருக்கிறா, அம்மா!" வசந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பிரிவை அழிக்காதை," என்றேன்.

சாம்பல் நிறம், மெல்லிய கரை. தெரிவில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் அதை எனக்காக உடுக்கப்போவதில்லை. கொத்தமல்லி அவித்த தண்ணீர் இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டேன்.