அத்தையின் இனிஷியல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

தாத்தா சங்கரன்கோவிலில் தொடங்கிய எங்கள் காமிக்ஸ் பதிப்பகத்தின் ஐம்பதாம் ஆண்டு மலர் இன்று அச்சேற வேண்டியது. பதிப்பகத்தின் வரலாற்றை அப்பா எழுதியிருந்தார். மத்தியானம் அச்சகத்துக்கு வந்த அத்தை அதைப் படித்தாள். ஆரம்பம் முதல் வெளிநாட்டுக் கதைகளை ஆண் புனைபெயரில் தமிழாக்கியவள் அவள்தான். அந்தப் புனைபெயரைத் தன்னுடையது என்று அப்பா எழுதிவிட்டார்.

"இதுல நான் எங்கன இருக்கேன், அண்ணே?"

"குடும்பத்துக்குள்ள பேரு எதுக்குட்டி?"

"அப்போ ஒங்க பேரு மட்டும் எதுக்கு?"

அப்பா மெஷினை ஓட்டச் சொன்னார். ஆனால் மலரின் ஆசிரியர் நான்.

"ஓட்டாதீங்க அண்ணாச்சி" என்றேன். மெஷின்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். அப்பா செருப்புகூட மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

அத்தையின் பெயரை, மாமாவின் இனிஷியலோடு சேர்த்து, பக்கத்தைத் திருத்தினேன். சாயங்காலம் அந்தத் தாளை அப்பாவின் கட்டிலில் வைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. இரவு தாளை எடுத்துப் படித்தார்.

"இனிஷியல் தப்பு. கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதுனவ அவ. எங்கப்பா இனிஷியலப் போடு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் மெஷின் ஓடியாக வேண்டும். எந்த இனிஷியல் வேண்டுமென்று அத்தையிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.