வழிவிடாமல் நிற்கும் வேலை

அன்பு அம்மிணி ரெஜினா,

உயிரோடு இருந்தபோதே அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் நம்புவாய். இருந்தாலும் எழுதுகிறேன். நீ போனபின் என்னிடம் வளரும் உன் மகள் ஷைனி இப்போது கபடியில் புலி. அவளுடைய பயிற்சியில் எனக்கு முக்கியமான பங்கு உண்டு.

காப்பி காயப்போடும் களம் சும்மா கிடக்கிறதே, அங்கேதான் பயிற்சி. தரையில் கயிற்றால் ஏணி மாதிரி கட்டங்கள். அதற்குள் கால் மாற்றி மாற்றி ஓட வேண்டும். அடுத்து பக்கவாட்டில் தாவல், பிறகு கோன் என்கிற கூம்புகளை வைத்து அவற்றைச் சுற்றி வளைந்து ஓட்டம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி முதலிலிருந்து. சர்க்யூட் என்கிறார்கள். எனக்கு விளங்கவில்லை. இத்தனை ஓடியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறாளே? இளவயதில் நான் ஏற்காட்டு மலைப்பாதையின் எல்லா வளைவிலும் சேலம் பஸ்ஸை முந்தியவன். ஒரே வளைவுதான், அதுவும் பஸ் பழுதாகி நின்றது என்பாய். போகட்டும்.

ஒருநாள் விளையாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, ஒரு கோன் கொறையுது. நீங்க இங்க அசையாம நிக்கறீங்களா? அவ உங்களச் சுத்தித் திரும்போணும்." இவ்வளவு பெரிய பொறுப்பை வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

ஷைனி பாய்ந்து வந்தாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். எஸ்டேட் பாதையில் மூட்டையோடு ஆள் வந்தால் வெறுங்கையோடு வருகிறவன் ஒதுங்க வேண்டும் என்று பழகிய கால், நான் என்ன செய்ய? அவள் நேராகப் போய்க் காப்பிச் செடிக்குள் விழுந்தாள்.

"என்னுங்க மாமா பண்றீங்க? நீங்க நவுந்தா நான் எங்க திரும்பறது?"

"மூட்டை வருதுன்னு கால் நெனச்சுக்கிச்சு சாமி."

"நொம்ப நல்லதுங்க. கடேசில என்னைய மூட்டையாக்கிட்டீங்க."

அடுத்த சுற்றிலும் ஒதுங்கினேன். டீச்சர் என் காலைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டபிறகுதான் நின்றேன். ஊரில் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே.

சேதி இதுதான் அம்மிணி. சேலத்தில் நடந்த விளையாட்டு விடுதித் தேர்வில் அவளை எடுத்துவிட்டார்கள். இனி அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கவும் ஆடவும் வேண்டுமாம். பஸ் நிற்கும் இடத்தில் ஆளுக்கு ஆள் பெருமையடித்துவிட்டேன். ஊட்டுக்கு வந்தபின்தான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. கடைசி நேரத்தில் என் கையைப் பிடித்து, "புள்ளையக் கண்ணு முன்னால வச்சுக்கோண்ணா" என்றாயே. போகவிட்டால் உன் சொல்லை மீறினவனா? தடுத்தால் நீ என்னைச் சும்மா விடுவாயா? ஒதுங்குவதா, நிற்பதா?

நேற்று அவளிடமே கேட்டேன். "நீ போயிட்டா மாமன் என்ன கண்ணு பண்றது?"

ஷூ கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள்: "நின்ன எடத்துலயே நில்லுங்க மாமா. நான் வந்து திரும்போணுமில்ல."

குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை அவளை பஸ் ஏற்றிவிடுகிறேன். ஒவ்வொரு லீவுக்கும் ஏற்காட்டில் அவள் இறங்கும் இடத்தில் நிற்பேன். எதிரே யார் எவ்வளவு பெரிய மூட்டையோடு வந்தாலும் ஒதுங்கமாட்டேன். இது சத்தியம்.

உன் அண்ணன்,
ஷைனியின் தாய்மாமன் அந்தோணி