ஆத்தி நாரின் மறுமுனை

என் வீட்டுக்காரிக்கு,

இதைப் படித்துக் காட்டும் உன் தம்பி தன் பங்குக்கு எதையும் சேர்க்க வேண்டாம்.

கன்றுக்குட்டி நன்றாக மேய்கிறது. செந்நாய்கள் வந்த அன்று நீ என் வில்லை எடுத்துப் பட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்ததால்தான் அது பிழைத்தது என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும். பெண் கை வில்லில் படக்கூடாது என்பது நம் வழக்கம். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். “இந்த ஊட்ல வில்லுக்கு இருக்கற மருவாதி எனக்கில்லீங்க” என்று நீ உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனது உன் இஷ்டம்.

அன்று வில்லில் விழுந்த விரிசலில் அரக்கை உருக்கி ஊற்றிவிட்டேன். அதன்மேல் ஊறவைத்த ஆத்திமரப் பட்டை நாரை இறுக்கிச் சுற்ற வேண்டும். ஒருவர் நாரின் முனையை இழுத்துப் பிடிக்க, மற்றவர் வில்லை உருட்ட வேண்டும். முனையைத் தூணில் கட்டிப் பார்த்தேன், கால் விரலில் மாட்டிப் பார்த்தேன். தளர்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுச் சடையன், “ஏனுங்க மாமா, வில்லைக் கட்டறீங்களா, உங்களையே கட்டிக்கறீங்களா?” என்று சிரித்தான். முனையைப் பிடிக்க வந்த அவனைப் போகச் சொல்லிவிட்டேன்.

தைப் பொங்கல் வேட்டைக்கு வில் வேண்டும். நன்றாக யோசித்துவிட்டேன். சுற்றி முடிக்கும்வரை நார் வேறு, வில் வேறு. நாரைப் பெண் தொடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

இதைக் கொண்டுவரும் மிளகு வியாபாரி வியாழக்கிழமை பொதிமாடுகளோடு அங்கிருந்து நம் ஊர் வழியாகவே திரும்புகிறார். நாரை ஊறப் போட்டுவிட்டேன். அதற்கு மேல் போனால் அழுகிவிடும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்