உன் மகளுக்குக் கல்லூரி பார்த்தோம்

இன்று காலை கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபோது உன் பந்து உருண்டு வந்தது. மஞ்சள் ஸ்பாஞ்ச் பந்து. வலது கையில் வைத்து அழுத்து, அழுத்து என்று உன் மகள் உன்னை விரட்டிக்கொண்டே இருப்பாளே, அதேதான். ஹாஸ்டலுக்கு என் வீட்டில் வைத்துத்தான் மூட்டை கட்டினாள், அப்போது விழுந்திருக்க வேண்டும். எடுத்து முகர்ந்து பார்த்தேன். தைல வாசனை இன்னும் போகவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்து கிடக்கிறது.

முதலில் சேதி. உன் மகள் பிசியோதெரபி சேர்ந்துவிட்டாள். வீரபாண்டியில் உங்கள் வாசலுக்கே பஸ் அனுப்புகிற கல்லூரியில் அல்ல. மதுரைக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய ஆஸ்பத்திரியோடு ஒட்டிய கல்லூரியில். உன் வீட்டுக்காரர் சம்மதித்துத்தான் அனுப்பினார். சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

பனியன் கம்பெனியில் ஒரே செக்கிங் மேஜையின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் நாம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், நீ வெள்ளகோவில்காரி. நான் நல்லவிதமாகப் பேசினாலும் உனக்குச் சண்டை போடுவது போலக் கேட்கும். நீ திட்டினாலும் எனக்குக் கெஞ்சுவது போலக் கேட்கும். பீஸைப் புரட்டிக் கறை, ஓட்டை, தையல் விட்டது என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே உலகத்தையே அலசுவோம்.

ஆடிட் நாள் ஞாபகம் இருக்கிறதா? துணி வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் வருகிறார் என்றால் முந்தின நாளே கம்பெனி கல்யாண வீடு ஆகிவிடும். அடைத்துக் கிடந்த அவசர வழி திறக்கும், முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும், தண்ணீர் கேன் நிறையும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் பாடம் நடத்துவார். அந்த வருஷம் ஆடிட்டர் நேராக உன்னிடம் வந்து நின்றார். குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா என்று கூட வந்தவர் தமிழில் கேட்டார். நீ கையைக் கட்டிக்கொண்டு, அவ்வளவு மரியாதையாக, “இன்னைக்குக் கெடைக்குதுங்க” என்றாய். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்த்து நான் துணிக்குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மதியம் உன்னைக் கேட்டதற்கு, “நான் பொய் சொல்லலீங்களேக்கா” என்றாய். உன் பணிவு இருக்கிறதே, அதைப் போல ஆபத்தான பொருளை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் அதே மேஜையில் பேச்சுக்கு நடுவே நீ சரிந்தாய். வலது பக்கம் வாய், கை, கால் எல்லாம் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் முதலில் ஒரு பையன் பிசியோ செய்ய வந்தான். உன் கையில் கரண்ட் மிஷினை மாட்டிவிட்டு, மணி அடிக்கும்வரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஏ தம்பி, இந்தப் பிள்ளைய எந்திரிக்க வைக்க மாட்டியளா?” என்று கேட்டேன். அவன் பாவம், கோபப்படவில்லை. “பயமா இருக்குங்கம்மா. நான் படிச்ச காலேஜுக்குப் பேஷண்டே வர மாட்டாங்க. புக்ல படிச்சதுதான்” என்றான். உன் மகள் அப்போது கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த பெண் வேறு ரகம். வந்தவுடன் மிஷினைத் தேடவில்லை. உன் காலடியில் உட்கார்ந்து உன் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் உன்னை நிற்க வைத்தாள். அவள் வராத நாட்களில் நானும் உன் மகளும்தான். நீ கட்டிலிலிருந்து வாசற்படிவரை நடந்து, கதவு நிலையைத் தொட்டுவிட்டு, “போதுங்களாக்கா” என்று குழறிய அன்று நான் உன் வீட்டுச் சமையலறையில் போய் நின்று அழுதேன். ஒரே வேலைதான், ஆனால் தொழில் தெரிந்தவர் செய்தால் ஆள் நடக்கிறது, தெரியாதவர் செய்தால் மணி மட்டும் அடிக்கிறது. உன் மகள் பிசியோதெரபிதான் படிப்பேன் என்று முடிவு செய்தது அந்த நாட்களில்தான்.

அவள் பரீட்சை எழுதி முடித்து ரிசல்ட் வருவதற்குள் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இரு, அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்பதில்தான் தகராறு தொடங்கியது. உன் வீட்டுக்காரர், “பஸ்ஸு வாசலுக்கே வருதுங்க்கா. காத்தால போனா பொழுதோட ஊட்டுக்கு வந்துருவா. எல்லாம் ஒரே பட்டந்தானுங்களே” என்றார். சரி, பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று மூவரும் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாகப் புது மிஷின்கள். நோயாளிகளைக் காணோமே என்றேன். இன்றைக்கு லீவு, மற்ற நாளில் கூட்டம் தாங்காது என்றார்கள். எனக்கு உன் குரல்தான் காதில் கேட்டது. இன்னைக்குக் கெடைக்குதுங்க.

யாரிடமும் சொல்லாமல் வேலை நாள் ஒன்றில் காலையிலேயே நானும் உன் மகளும் மறுபடி அங்கே போனோம். மிஷின்களின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருந்தது. நோயாளிக் கட்டிலில் வாட்ச்மேன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். உன் மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து, “பெரிம்மா, இங்க படிச்சா நானும் மொதல்ல வந்த அந்தப் பிசியோ அண்ணன் மாதிரிதான் ஆவேன்” என்றாள். குரல் உயரவில்லை. உன்னைப் போலவேதான் சொன்னாள்.

மதுரைப் பக்கத்துக் கல்லூரியைச் சொன்னது உனக்கு நடை சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்தான். அவள் படித்தது அங்கே. உன் வீட்டுக்காரருக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. “நீங்க உங்க ஊருப் பக்கமாவே இழுக்கறீங்க” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்ன பேசுதிய தம்பி? எனக்கு அங்க ஒரு சென்ட் நிலம் உண்டா, நட்டு வச்ச மரம் உண்டா?” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அவளும் போயிட்டா ஊட்டுல நான் யாருகூடப் பேசறதுங்க்கா” என்றார். ஆனாலும் நான் விடவில்லை. வந்து ஒரு தடவை பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லி அவரையும் பஸ்ஸில் ஏற்றினேன்.

அங்கே நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் என் செக்கிங் கண் விழித்துக்கொண்டது. சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. மெத்தையின் ரெக்சின் கிழிந்து பிளாஸ்திரி போட்டிருக்கிறது. நடை பழகுகிற இரட்டைக் கம்பியில் பெயின்ட் உரிந்து இரும்பு பல்லைக் காட்டுகிறது. மனசுக்குள் ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி இடமே போதவில்லை. “இது ரிஜக்ட் பீஸு. வாங்க போவோம்” என்று வாசலிலேயே திரும்பிவிட்டேன். உன் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “அக்காவே சொல்லிப்போட்டாங்க கண்ணு, வா” என்று மகளைக் கூப்பிட்டார்.

அவள் அசையவில்லை. பெயின்ட் போன கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பெரிம்மா, நடுவால மட்டுந்தான் போயிருக்குது. ஓரத்துல பெயின்ட் அப்படியே இருக்குது பாருங்க. ஆளுங்க புடிச்சுப் புடிச்சு நடந்து போனதுங்க இது” என்றாள்.

எத்தனை வருஷமாகக் குறையை மட்டும் தேடித் தேடி எடுத்த கண் என்னுடையது. புழங்கிய பொருளுக்கும் கெட்டுப்போன பொருளுக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றேன். அப்புறம்தான் அந்தக் கூடத்தில் இருந்த மனிதர்களே என் கண்ணில் பட்டார்கள். கட்டிலுக்குக் கட்டில் ஆள், ஆளுக்கு ஆள் ஒரு மாணவர், வராந்தாவில் காத்திருக்கிற கூட்டம்.

அந்தக் கம்பிகளுக்கு நடுவே லுங்கி கட்டிய ஒருவர் நடந்து பழகிக்கொண்டிருந்தார். அவருக்கும் உன்னைப் போலவே வலது பக்கம். கூட நின்ற மாணவன் ஸ்டூலை இழுக்க ஒரு நொடி திரும்பினான். அதற்குள் அவர் முட்டி மடங்கிவிட்டது. உன் மகள் எப்போது பாய்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவரது வலது பக்கம் நின்று, தன் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக்கொடுத்து, இடுப்பில் கையைக் கோத்துப் பிடித்திருந்தாள். “அவசரமில்லீங்க, மூச்ச உடுங்க, நான் புடிச்சிருக்கறனுங்க” என்றாள். உனக்குத் தினமும் சொன்ன அதே வார்த்தைகள். உன் வீட்டுக்காரர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஆசிரியர் ஒருவர் வந்து அந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு உன் மகளிடம், “எங்கே கத்துக்கிட்டே?” என்று கேட்டார்.

“எங்கம்மாளுக்குச் செஞ்சதுங்க சார்.”

பாராட்டுவார் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவரோ, “முதுகை வளைச்சுத் தூக்கினே. இப்படியே செஞ்சா கொஞ்ச வருஷத்துல நீ படுத்துருவே. இங்கே சேர்ந்தா முதல்ல அதைத்தான் மாத்துவேன்” என்றார். உன் மகள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட பிள்ளையை நான் கண்டதில்லை. ரிஜக்ட் என்று நான் விட்ட வார்த்தையை அங்கேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். இந்தக் கல்லூரிதான், யார் என்ன சொன்னாலும் இதுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

திரும்பி வரும்போது உன் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நானும் வாக்குக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தாராபுரத்தில் பஸ் நின்றது. டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டீயைக் குடித்தவர், “ஏனுங்க்கா, ஹாஸ்டல்ல சோறு நல்லா இருக்குமுங்களா?” என்று கேட்டார். உன் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அவர் பொழுது சாய்ந்தால் என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். பிள்ளை போன் பண்ணினாளா என்று கேட்பார். ஐந்து நிமிஷம் முன்புதான் அவரோடே பேசியிருப்பாள், ஆனாலும் கேட்பார். நானும் அதற்குத் தகுந்தாற்போல ஒரு தட்டு கூடுதலாக வைத்துவிடுகிறேன்.

நேற்று அவள் எனக்குப் போன் செய்து சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதமே. வகுப்பில் ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தப் பழக்குகிறார்களாம். நேற்று அவள் நோயாளியாக நடிக்க வேண்டும். கால் சுத்தமாக வராத ஆள் போல, முழு எடையையும் தோழி மேல் போடு என்றிருக்கிறார் அந்த ஆசிரியர். போட்டிருக்கிறாள். இரண்டு பேரும் கீழே மெத்தையில் விழுந்தார்கள். மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தார்கள்.

“பெரிம்மா,” என்றாள், “முழு வெயிட்டையும் போட்டா ஒராளு தாங்கவே முடியாதுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாத காலத்துல நாம ரெண்டு பேரும் அம்மாள நடக்க வெச்சோமே, ஒரு நாளாச்சும் விழுந்தோமா? அம்மா நம்ம மேல முழுசாச் சாஞ்சதே இல்லீங்க பெரிம்மா. அந்த ஒத்தக் காலுலயே பாதிய அவங்களே தாங்கிட்டு நின்னுருக்காங்க.”



உன்னை நடக்க வைத்தேன் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். நீயோ வாய் குழறி, கை தொங்கி, அந்த நிலையிலும் எங்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி. நீ எங்கள் மேல் போடாமல் வைத்துக்கொண்ட அந்தப் பாதி இப்போது என் தோளில் இருக்கிறது. உன் பிள்ளை படித்து முடித்து வெளியே வருகிறவரை அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை.